யூத பையருக்கு என்ன குடிக்கக் கொடுப்பது? டீ, இளநீர், மோருக்கெல்லாம் கோஷர் முத்திரை வேண்டுமா?

நூல்கண்டு (திருப்பூர்)

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். குழந்தைகள் உடுப்புக்குப் புதிதாக ஒரு பையர், அதாவது சரக்கு வாங்குபவர், சேர்ந்திருக்கிறார். நியூயார்க்கில் புரூக்ளின் பக்கம். அடுத்த மாதம் ஃபேக்டரி பார்க்க நேரில் வருகிறார். ஆசாரமான யூதர், கோஷர் என்ற அவர்கள் மத உணவு விதிப்படிதான் சாப்பிடுவார், வீடியோ காலில்கூடத் தலையில் குல்லாய் இல்லாமல் அவரைப் பார்த்ததில்லை. சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு செய்யட்டும் என்று மெயில் போட்டேன். ‘சிரமப்பட வேண்டாம், சாப்பாட்டை நானே கொண்டுவருவேன், வெட்டாத பழம் இருந்தால் போதும்’ என்று எழுதிவிட்டார். குடிப்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

நம் பக்கம் எப்படி என்று உங்களுக்கே தெரியும். ஆள் உள்ளே நுழைந்ததும் தண்ணீர்ச் சொம்பு, உட்கார்ந்ததும் டீ, சாம்பிளை விரித்ததும் இன்னொரு டீ, கிளம்பும்போது இளநீர். வந்த மனுசனை வெறும் வாயோடு உட்கார வைத்து விலை பேசினால் எங்கள் முதலாளி அண்ணனுக்கு அன்றைக்குத் தூக்கம் வராது. அண்ணனின் அம்மா அதற்கு மேல். நாங்கள் எல்லோரும் ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம். ‘எங்கிருந்து வந்தா என்ன, வெயில்ல வர்றவருக்கு மோர் குடுக்காம அனுப்பறதா?’ என்று இப்போதே கேட்கிறார்.

இணையத்தில் தேடினால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். தண்ணீருக்கே சான்று வேண்டும் என்று ஒருவர், பானத்துக்கெல்லாம் ஒன்றுமே வேண்டாம் என்று இன்னொருவர். பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் போதுமா? டீ, ஃபில்டர் காபி, இளநீர், பாக்கெட் ஜூஸ், போவண்டோ, ரோஸ்மில்க், சாயந்திரம் ஓட்டலில் பியர், இதில் எதைத் தைரியமாக நீட்டலாம், எதை நீட்டினால் அவருக்குச் சங்கடம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

தேங்காய்த்தொட்டி (பொள்ளாச்சி)

பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய்ப்பால், தேங்காய்த் தண்ணீர், பவுடர் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு ஃபேக்டரியில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறேன். கோஷர் ஆடிட் எங்களுக்கு வருசா வருசம் உண்டு. ஆடிட்டருக்குக் கதவு திறந்துவிட்டுக் கூடவே சுற்றுகிற ஆள் நான்தான். அந்த அளவுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வெறும் தண்ணீருக்கு முத்திரை வேண்டாம். வாசனை சேர்க்காத சோடாவுக்கு வேண்டாம். நீலகிரியிலிருந்து வரும் வெறும் தேயிலைக்கு வேண்டாம். வறுத்து அரைத்த காபித்தூளுக்கும், அதில் சேரும் சிக்கரிக்கும் பொதுவாக வேண்டாம். வெட்டாத இளநீர் கடவுளே சீல் வைத்து அனுப்பியது, அதற்கு யார் சான்று கொடுப்பது? ஆசாரமான யூதர்களே இவற்றை முத்திரை தேடாமல்தான் வாங்குகிறார்கள்.

சான்று கேட்பது எங்கே தொடங்குகிறது என்றால், பொருள் ஒரு ஃபேக்டரிக்குள் நுழைந்து வெளியே வருகிற இடத்தில். உங்கள் தொழிலிலேயே பாருங்கள். டீ-ஷர்ட்டைத் தொட்டுப் பார்த்து ஆர்கானிக் பருத்தியா இல்லையா என்று எந்த பையராலும் சொல்ல முடியாது. அதனால்தானே ஆர்கானிக் துணிக்கான ஜி.ஓ.டி.எஸ். சான்றும், ஒவ்வொரு லாட்டுக்கும் டி.சி. என்ற பரிவர்த்தனைச் சான்றும் கேட்கிறார்கள். கோஷர் முத்திரையும் அந்த வேலையைத்தான் செய்கிறது. குடிப்பவர் நின்று பார்க்க முடியாத இடத்தில் அவருக்குப் பதிலாக ஒருவர் நின்று பார்த்தார் என்பதற்கு அடையாளம்.

தேங்காயில் பார்க்க என்ன இருக்கிறது என்று எங்கள் ஷிஃப்ட் ஆட்களும் கேட்பார்கள். இருக்கிறது. தேங்காய்ப்பால் பவுடரை எடுத்துக்கொள்ளுங்கள். கொழுப்பு கட்டி தட்டாமல் உலர வேண்டும் என்று உலகம் முழுக்கப் பல கம்பெனிகள் அதில் சோடியம் கேசினேட் சேர்க்கும். அது மாட்டுப்பாலிலிருந்து வருவது. பாக்கெட்டின் முகப்பில் தென்னைமரம், உள்ளே பால் புரதம். யூதர்கள் இறைச்சியையும் பாலையும் ஒன்றாகச் சாப்பிட மாட்டார்கள், இறைச்சி சாப்பிட்டால் பால் பொருள் தொட அவரவர் வழக்கப்படி ஆறு மணி நேரம் வரைக்கும் காத்திருப்பவர்கள். அவர்களுக்கு இது சின்ன விசயமா? டின் தேங்காய்ப்பாலில் தண்ணீரும் கொழுப்பும் பிரியாமல் இருக்கப் பாலிசார்பேட் மாதிரி ஒன்றைச் சேர்ப்பார்கள். அதன் மூலம் பனை எண்ணெயாகவும் இருக்கலாம், அவர்கள் முறைப்படி அறுக்காத மாட்டின் கொழுப்பாகவும் இருக்கலாம். டப்பாவில் எண் மட்டும்தான் இருக்கும். எதிலிருந்து செய்தது என்று விற்றவரிடம் காகிதம் வாங்கி ஃபைலில் வைக்கிற வரைக்கும் ஆடிட்டர் விடமாட்டார்.

அப்புறம் பாய்லர். எனக்கே முதலில் ஆச்சரியமாக இருந்த விசயம் இது. ஒரே பாய்லரிலிருந்து இரண்டு லைனுக்கு நீராவி போய், குளிர்ந்த தண்ணீர் திரும்பப் பாய்லருக்கே வந்தால், ஒரு லைனில் ஓடுகிற பொருளின் சங்கதி நீராவி வழியாக இன்னொரு லைனுக்கும் போனதாகக் கணக்கு. அதனால் குழாய் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டே நடப்பார். கோஷர் அல்லாத ஒன்று ஓடிய பாஸ்ச்சுரைசரை, அதாவது சூடாக்கிக் கிருமி நீக்கும் இயந்திரத்தை, மறுபடி பயன்படுத்த வேண்டுமென்றால் கழுவி, 24 மணி நேரம் சும்மா போட்டு, கொதிக்கும் தண்ணீரை ஓட்ட வேண்டும். உற்பத்தி மேனேஜருக்கு அந்த 24 மணி நேரம்தான் வயிற்றெரிச்சல். பாக்கெட்டில் அடைத்த இளநீர், ஜூஸ் எல்லாவற்றுக்கும் முத்திரை பார்க்கிறார்கள் என்றால் காரணம் இதுதான். ஆரஞ்சு ஜூஸில் ஆரஞ்சைத் தவிர வேறொன்றும் இல்லாவிட்டாலும், அதே பாஸ்ச்சுரைசரில் முந்தின நாள் திராட்சை ஜூஸ் ஓடியிருக்கலாம்.

திராட்சையில்தான் எல்லாமே மாறுகிறது. ஒயினும் திராட்சைச் சாறும் மற்ற பானங்கள் மாதிரி கிடையாது. என்ன சேர்த்தார்கள் என்பதோடு, யார் கையாண்டார்கள் என்றும் பார்க்கும் ஒரே பானம் அதுதான். பிழிவதிலிருந்து பாட்டில் மூடுகிற வரை சனிக்கிழமை ஓய்வு நாளைக் கடைப்பிடிக்கும் யூதர்கள்தான் செய்ய வேண்டும். காய்ச்சிய ஒயினுக்கு மட்டும் விலக்கு உண்டு, அதைப் பிறகு யார் ஊற்றினாலும் பரவாயில்லை. அதனால் ‘கலப்புப் பழச்சாறு’ என்று போட்ட பாக்கெட்டைத் தொடவே தொடாதீர்கள். இனிப்புக்காகத் திராட்சைச் சாறு சேர்ப்பது சாதாரணம்.

பச்சைப் புள்ளி இங்கே உதவாது. அது சைவமா அசைவமா என்று மட்டும் சொல்லும். பச்சைப் புள்ளியோடு வரும் திராட்சை ஜூஸ் அவருக்கு ஆகாது. மறுபக்கம், நம் ஊர் சைவக்காரர் தொடாத மீனை அவர் தாராளமாகச் சாப்பிடுவார், செதிலும் துடுப்பும் இருந்தால்.

காரமடைக்காரன் (நியூஜெர்சி)

சொந்த ஊர் காரமடை, இங்கே வந்து ரொம்ப வருசம் ஆயிற்று. சுற்றிலும் யூதக் குடும்பங்கள். பொள்ளாச்சிக்காரர் சொன்னது சரி. இந்த ஊர்ப் பழக்கத்தையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. யூதர் என்றாலே எல்லோரும் இதெல்லாம் பார்ப்பார்கள் என்று நினைக்காதீர்கள். என் பழைய மேனேஜர் யூதர், பட்டர் சிக்கனை ரொட்டியில் தொட்டுச் சாப்பிடுவார். பக்கத்து வீட்டுக்காரர் கடையில் வெறும் கறுப்புக் காபியைக் காகிதக் கப்பில் வாங்குவார், வாசனை சிரப் விட்டது வாங்கமாட்டார். அடுத்த தெருவில் ஒருவர் அந்தக் கறுப்புக் காபியையும் வெளியே குடிக்கமாட்டார், அங்கே பாத்திரங்களை எதோடு சேர்த்துக் கழுவுகிறார்களோ என்று. உங்கள் பையர் சாப்பாட்டையே கட்டிக்கொண்டு வருகிறவர், அதனால் கறாரான பக்கம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பானத்துக்குச் சான்று எதற்கு என்று கேட்பவர்களுக்கு இங்கே எல்லோரும் சொல்கிற கதை கோகோ கோலாவுடையது. அட்லாண்டாவில் டோபியாஸ் கெஃபன் என்று ஒரு ரப்பி, அதாவது யூத மதகுரு, லித்துவேனியாவிலிருந்து வந்தவர். கோக் குடிக்கலாமா என்று பல ஊர்களிலிருந்தும் அவரைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், கம்பெனி அந்த ஊரில்தானே இருக்கிறது. கம்பெனியும் தன் ரகசியச் சேர்மானப் பட்டியலை, வெளியே சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு அவரிடம் காட்டியது. இரண்டு சிக்கல் கண்டுபிடித்தார். ஒன்று, மாட்டுக் கொழுப்பிலிருந்து எடுத்த கிளிசரின். இத்தனூண்டுதான், ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கு. தவறி விழுந்த துளியாக இருந்தால் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடலாம், வேண்டுமென்றே சேர்த்ததை அப்படி விட முடியாது என்று சொல்லிவிட்டார். இன்னொன்று, தானியத்திலிருந்து எடுத்த ஆல்கஹால், அது புளித்த தானியத்தை விலக்கும் பாஸ்கா பண்டிகைக்கு ஆகாது. கம்பெனி கிளிசரினைத் தாவர எண்ணெயிலிருந்து எடுத்ததாக மாற்றியது, பண்டிகைக் காலத்துக்கு ஆல்கஹாலையும் மாற்றியது. 1935இல் அவர் குடிக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். அதிலும் சேர்மானத்தின் பெயரை நேராக எழுதாமல் மறைபெயர் போட்டுத்தான் எழுதினார், கொடுத்த வாக்கைக் காப்பாற்ற. மாட்டுக் கொழுப்பு இருக்கிறது என்று குடித்துப் பார்த்து யாராவது கண்டுபிடித்திருப்பார்களா?

தண்ணீரிலும் ஒரு சண்டை நடந்தது. 2004இல் நியூயார்க் குழாய்த் தண்ணீரில் கோப்பிபாட் என்ற நுண்ணிய உயிர்கள் இருப்பது பேச்சானது. இறால், நண்டு வகையறா, அவர்களுக்கு விலக்கு. கண்ணுக்குத் தெரியாததற்குத் தடை இல்லை என்பது பொது விதி, ஆனால் இது உற்றுப் பார்த்தால் புள்ளியாகத் தெரிகிற அளவு. சில ரப்பிகள் வடிகட்டி போடச் சொன்னார்கள், சிலர் நம் முன்னோர் குடித்ததுதானே என்று விட்டார்கள். புரூக்ளினில் இன்றைக்கும் வடிகட்டி வைத்த ஓட்டல்கள் உண்டு. உங்கள் பையர் அந்த ஊர்க்காரர், அதனால் தண்ணீரைப் பற்றிக் கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். சீல் உடைக்காத பாட்டில் தண்ணீர் வைத்துவிடுங்கள், முடிந்தது.

பியரில் வாசனை சேர்க்காத சாதாரண வகையைப் பெரும்பாலானோர் முத்திரை இல்லாமலே குடிப்பார்கள். பார்லி, ஹாப்ஸ், ஈஸ்ட், தண்ணீர், அவ்வளவுதான். டாஸ்மாக்கில் போய் கோஷர் முத்திரை தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். ஆனால் பிற சமூகத்தாரோடு உட்கார்ந்து மது குடிப்பதையே கூடாது என்று பழைய விதி ஒன்று இருக்கிறது, வியாபார விசயமாக என்றால் சிலர் தளர்த்துவார்கள். அவராகக் கேட்டால் ஒழிய நீங்கள் பேச்செடுக்க வேண்டாம்.

மஞ்சமண்டி (ஈரோடு)

எல்லாம் படித்தேன். எனக்கு இரண்டு சந்தேகம்.

ஒன்று, இது பெரும் வியாபாரமாக இல்லையா? காபித்தூளுக்கு வேண்டாம் என்று அவர்களே சொல்கிறார்கள், அப்புறம் கடையில் காபித்தூள் பாக்கெட்டிலும் தண்ணீர் பாட்டிலிலும் முத்திரை இருக்கிறதே, எதற்கு? என் நண்பர் மஞ்சள்தூள் அனுப்புகிறார், அவரையும் சான்று எடுக்கச் சொன்னார்களாம். மஞ்சளில் என்ன மாட்டுக் கொழுப்பு?

இரண்டாவதுதான் முக்கியம். ‘யார் கை பட்டது’ என்று பார்ப்பதாகச் சொன்னீர்கள். இதைப் படித்ததும் எனக்கு நம் ஊர் டீக்கடைதான் ஞாபகம் வந்தது. ஒரு சாராருக்குக் கண்ணாடி டம்ளர், இன்னொரு சாராருக்குக் கொட்டாங்குச்சி, இல்லாவிட்டால் தனி டம்ளர், கழுவி வைப்பதும் அவர்களே. கொங்கு நாட்டில் இரட்டைக் குவளையைப் பார்க்காதவர் யார்? அதை எதிர்த்து எத்தனை போராட்டம். நாம் இங்கே கேவலம் என்று சொல்வதை வெளிநாட்டுக்காரர் செய்தால் மரியாதையா?

தேங்காய்த்தொட்டி (பொள்ளாச்சி)

மஞ்சமண்டி அண்ணா, நியாயமான கேள்வி. சுற்றிவளைக்காமல் சொல்கிறேன்.

வியாபாரம் இருக்கிறதுதான். கட்டணம் இல்லாமல் யாரும் சான்று தருவதில்லை. சூப்பர் மார்க்கெட்காரர் எல்லாப் பொருளிலும் முத்திரை கேட்கிறார், பக்கத்து பிராண்டில் இருந்தால் தன்னிடமும் இருக்க வேண்டும் என்று கம்பெனியும் நினைக்கிறது. வெறும் தண்ணீர் பாட்டிலில் இருக்கும் முத்திரை மதத்துக்காக இல்லை, விற்பனைக்காக. எங்கள் ஃபேக்டரியிலும் அப்படி எடுத்தது உண்டு. மஞ்சள்தூளில் நியாயம் கொஞ்சம் அதிகம். அது அப்படியே சமையலுக்குப் போகாமல் இன்னொரு ஃபேக்டரிக்குச் சேர்மானமாகப் போகும். அங்கே அவர்கள் சான்று வாங்க வேண்டுமென்றால் உள்ளே வரும் ஒவ்வொரு மூட்டைக்கும் காகிதம் வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். திராட்சை விதி எனக்கும் நெருடும். அதை மறைத்து அழகாகப் பேச எனக்கு வராது. ஆனால் இரட்டைக் குவளையோடு அதை ஒன்றாக்க முடியாது என்றுதான் நினைக்கிறேன். முதலில் அது, மற்ற தெய்வங்களுக்குப் படைத்த ஒயினைக் குடித்துவிடக் கூடாது என்று வந்தது. அப்புறம், ஒன்றாக உட்கார்ந்து குடித்தால் சம்பந்தம் வரை போய்விடும் என்று ரப்பிகள் அகலப்படுத்தினார்கள். சிறு கூட்டமாகப் பல நாடுகளில் சிதறி வாழ்ந்தவர்கள், கரைந்துவிடக் கூடாது என்று கட்டிய வேலி. வேலி வேலிதான், வெளியே நிற்பவனுக்கு உறுத்தத்தான் செய்யும். ஆனால் இங்கே நடந்தது, ஊரில் அதிகாரம் இருந்தவன் இல்லாதவனைத் திண்ணைக்குக் கீழே நிறுத்தியது. அவர்கள் விதியில் நீங்கள் ஊற்றிக் கொடுக்கும் தண்ணீரையோ டீயையோ அவர் வாங்கிக் குடிக்கத் தடை இல்லை. யூதர் அல்லாதார் சமைத்த உணவு பற்றித் தனித் தடை ஒன்று இருக்கிறது, அதிலும் டீ, காபி பெரும்பாலும் தண்ணீர்தானே என்று விலக்கு கொடுத்துவிட்டார்கள். உங்கள் கையிலிருந்து டம்ளரை அவர் கை நீட்டி வாங்குவார். டம்ளரில் முன்னால் என்ன இருந்தது என்று கேட்பார், யார் பிடித்தது என்று கேட்கமாட்டார்.

அவர்களுக்குள்ளேயே இதில் ஒரே குரல் கிடையாது. யூதரில் கொஞ்சம் நெகிழ்வான கன்சர்வேடிவ் பிரிவில் இஸ்ரேல் சில்வர்மன் என்ற ரப்பி 1964இல், எல்லாம் இயந்திரத்தில் நடக்கிறது, மனிதக் கையே படுவதில்லை, அதனால் அமெரிக்க ஒயினைக் குடிக்கலாம் என்று தீர்ப்பு எழுதினார். ஆசாரமான ஆர்த்தடாக்ஸ் பிரிவினர் அதை ஏற்கவில்லை. சீர்திருத்தம் பேசும் ரிஃபார்ம் பிரிவினரில் பெரும்பாலானோர் இந்தக் கேள்விக்கே வருவதில்லை.

செங்கல்மேடு (விஜயமங்கலம்)

தண்ணீரில் பூச்சி என்றதும் ஒன்று சொல்லத் தோன்றியது. எங்கள் ஊரில் பழைய சமணக் கோயில் இருக்கிறது. தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பது சமணர் வழக்கம், உயிர் போகக் கூடாது என்று. யூதர் வடிகட்டுவது அந்த உயிர் தன் வாய்க்குள் போகக் கூடாது என்று. துணி ஒன்றுதான். வேறொன்றும் இல்லை, தொடருங்கள்.

நூல்கண்டு (திருப்பூர்)

எல்லோருக்கும் நன்றிங்க. இவ்வளவு விவரம் வரும் என்று நினைக்கவில்லை. போவண்டோவைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன், திராட்சை வாசம் அடிக்கிறதே.

இன்னும் சில சந்தேகம். டீயைப் பக்கத்து பேக்கரியிலிருந்து வாங்கலாமா, ஆபீஸிலேயே போடுவதா? பால் சேர்க்கலாமா? ரோஸ்மில்க்கில் சிவப்புச் சாயம் பூச்சியிலிருந்து வரும் என்கிறார்களே? கடைசியாக, ஆத்தா விடுவதாக இல்லை. வீட்டில் மாடு இருக்கிறது, தானே கடைந்த மோர், இதற்கு மேல் சுத்தம் என்ன இருக்கிறது என்கிறார். நான் என்ன பதில் சொல்லட்டும்?

தேங்காய்த்தொட்டி (பொள்ளாச்சி)

டீயை ஆபீஸிலேயே போடுங்கள். பேக்கரி பாய்லரில் வெந்நீர் மட்டும்தான் என்றாலும், முட்டை பப்ஸ், சிக்கன் பப்ஸ் அடுக்கிய தட்டும் டம்ளரும் ஒரே வாளியில் முங்கி எழுவதை அவர் ஒருமுறை பார்த்தால் போதும். ஒரு புது மின்கெட்டில், சீல் உடைக்காத பாட்டில் தண்ணீர், வெறும் தேயிலைப் பை, வெள்ளைச் சர்க்கரை, காகிதக் கப். மசாலா டீ, ஏலக்காய் வாசனை டீ என்று போட்ட பாக்கெட் வேண்டாம். சேர்க்கும் வாசனைத் திரவத்தை எதில் கரைத்தார்கள் என்று அட்டையில் இருக்காது. இஞ்சியைப் புதுக் கத்தியால் நறுக்கிப் போட்டால் போதும். எலுமிச்சை வைப்பதானால் முழுசாக, பக்கத்தில் புதுக் கத்தியோடு வையுங்கள். புளிப்பு, காரம் உள்ளதைப் பழைய கத்தியால் வெட்டினால் கத்தியில் ஊறியது ஏறிவிடும் என்று பார்ப்பவர்கள் உண்டு.

காபி ஃபில்டரும் புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள். நம் ஊர் வரக்காபி அவருக்கு அருமையாகப் பொருந்தும். இன்ஸ்டன்ட் காபி வேண்டாம், அதைச் சிலர் அப்படியே ஏற்பார்கள், சிலர் முத்திரை கேட்பார்கள்.

இளநீரை அவர் கண்ணெதிரே வெட்டிக் கொடுங்கள். இளநீர் அருவாள் வேறெதையும் வெட்டுவதில்லை.

பால் பெரிய சங்கதி. ஒட்டகம், பன்றி, குதிரைப் பால் கலந்துவிடக் கூடாது என்பதற்காக, கறக்கும்போது ஒரு யூதர் கண்காணிக்க வேண்டும் என்பது பழைய விதி. அமெரிக்காவில் ரப்பி மோஷே ஃபைன்ஸ்டைன் 1950களில் ஒரு வழி சொன்னார். அரசாங்கம் சோதிக்கிறது, கலப்படம் செய்தால் தண்டனை, அந்தப் பயமே கண்காணிப்புக்குச் சமம் என்று. அங்கே பலர் கடைப் பால் குடிப்பது அதை நம்பித்தான். மிக ஆசாரமான ஹசிடிக் பிரிவுக் குடும்பங்கள் பலவும் அதை ஏற்காமல் தனிப் பால் வாங்கும். நம் ஊர் பாக்கெட் பாலுக்கு அந்தத் தீர்ப்பைப் பொருத்துவாரா என்பது அவர் பாடு. அவரிடமே கேளுங்கள், கேட்டால் சந்தோசப்படுவார். இன்னொன்றும் இருக்கிறது. மதியம் பெட்டியிலிருந்து இறைச்சி சாப்பிட்டிருந்தால் சாயந்திரம் வரை பால் காபி எப்படியும் ஆகாது.

அந்த இடத்தில் தேங்காய்ப்பால் கை கொடுக்கும். என் தொழில் என்பதற்காகச் சொல்லவில்லை. கொச்சி யூதர்கள் இறைச்சிக் குழம்புக்குத் தேங்காய்ப்பால்தான் ஊற்றினார்கள், மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய அவர்கள் ஜெப ஆலயம் இன்றும் நிற்கிறது. ஐரோப்பாவில் அதற்குப் பாதாம்பால். இறைச்சியோடு பாதாம்பால் வைத்தால் பக்கத்தில் நாலு பாதாம் பருப்பும் வைக்க வேண்டும், பார்க்கிறவர் மாட்டுப்பால் என்று தப்பாக நினைக்கக் கூடாது என்று 16ஆம் நூற்றாண்டில் கிராக்கோவில் இருந்த ரப்பி மோசே இஸ்ஸர்லெஸ் எழுதி வைத்திருக்கிறார்.

ரோஸ்மில்க் சாயத்தில் எண்ணைப் பாருங்கள். 120 என்றால் கார்மைன், பூச்சியிலிருந்து எடுப்பது, அவருக்கு ஆகாது. 122 என்றால் கார்மோய்சின், ரசாயனச் சாயம், பூச்சிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் வாசனை, பால் இரண்டும் இருக்கிறதே, அதனால் ரோஸ்மில்க்கே வேண்டாம்.

இப்போது ஆத்தா. ஆத்தாவின் மோரைப் பாத்திரத்தில் ஊற்றி நீட்டினால் அவர் தொடமாட்டார். பழைய உறை, பழைய பானை, யாரும் பார்க்காத கறவை. ஆனால் ஆத்தாவுக்கு ஒரு வழி இருக்கிறது, சொல்லிப் பாருங்கள். பையர் மாட்டுத் தொழுவத்துக்கே வந்து, கறக்கும்போது நின்று பார்த்தால், அந்தப் பால் அவர்களுடைய மிகக் கறாரான விதிக்கும் சரியாக வரும். கறந்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டே இருக்கக்கூட வேண்டாம், எந்த நேரமும் எட்டிப் பார்க்கலாம் என்கிற தூரத்தில் இருந்தாலே போதும் என்பது பழைய நூலிலேயே இருக்கிறது. புதுப் பாத்திரத்தில் கறந்து, புதுப் பாத்திரத்தில் காய்ச்சுங்கள். யூதர் வீட்டுப் புதுப் பாத்திரத்தை முதலில் அவர்கள் முறைப்படி நீரில் முக்கி எடுக்க வேண்டும், ஆனால் உங்கள் பாத்திரம் உங்களுடையதாகவே இருக்கும்போது அதுவும் வேண்டாம். காங்கயம் மாடு என்றால் மட்டும் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். அது உழவுக்கும் வண்டிக்கும் பேர்போன இனம், ஒரு டம்ளர் பாலுக்குத் தேறும். மோருக்கு உறை எங்கிருந்து வரும் என்று கேட்பார், அதனால் பாலோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

நூல்கண்டு (திருப்பூர்)

ஆத்தாவிடம் சொன்னேன். ‘கறக்கறப்ப வந்து பாக்கட்டும், யாரு வேண்டாம்ன்னா? காலைல அஞ்சு மணிக்கு எந்திரிப்பாராமா?’ என்று கேட்டுவிட்டார். பையருக்கு மெயில் போட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி இங்கேதான் தங்குகிறார், சனிக்கிழமைக்கு ஏதாவது தனியாகப் பார்க்க வேண்டுமா?

காரமடைக்காரன் (நியூஜெர்சி)

ஆமாங்க, சனிக்கிழமைதான் கவனம். வெள்ளி சூரியன் மறைவதிலிருந்து சனி இருட்டும் வரை அவர் அடுப்போ சுவிட்சோ தொடமாட்டார். தனக்காகக் கெட்டிலைப் போடச் சொல்லி ஓட்டல் பையனையும் கேட்கமாட்டார். வெள்ளி மதியமே ஒரு நல்ல பிளாஸ்க் நிறைய வெந்நீர் ஊற்றி அறையில் வைத்துவிடுங்கள். தேயிலையை அன்றைக்கு வெந்நீரில் போடுவதையும் பலர் தவிர்ப்பார்கள். காபி டிகாஷனை வெள்ளியே இறக்கி ஒரு புதுப் பாட்டிலில் அடைத்துக் கொடுங்கள், எப்படிக் கலப்பது என்று அவருக்குத் தெரியும்.

வெள்ளி ராத்திரிச் சடங்குக்கு அவருக்குத் திராட்சைச் சாறோ ஒயினோ வேண்டியிருக்கும், அதை அவரே கொண்டுவருவார். நீங்கள் வாங்கி வைக்காதீர்கள். மும்பைப் பக்கத்து பெனே இஸ்ரேல் யூதர்கள் கறுப்பு உலர் திராட்சையை ஊறவைத்துப் பிழிந்த சர்பத்தை இதற்கு வைத்துக்கொள்வார்கள், அவசரத்துக்கு அவரும் அப்படிச் செய்துகொள்ளலாம். ஒரு பாக்கெட் உலர் திராட்சை மட்டும் அறையில் வையுங்கள்.

இன்னொன்று, ஆர்டர் சம்பந்தமாக. மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ பாஸ்கா பண்டிகை வரும். அமெரிக்காவில் எட்டு நாள். அப்போது தானிய மதுவான பியர், விஸ்கி வீட்டில் அவர் கைவசம் இருக்கவே கூடாது. மக்காச்சோளச் சிரப் சேர்த்த கோக்கும் ஆகாது, சர்க்கரை போட்டு மஞ்சள் மூடியோடு தனியாக ஒரு கோக் கடைக்கு வரும். முதல் இரண்டு நாளும் கடைசி இரண்டு நாளும் உங்கள் மெயிலுக்குப் பதில் வராது. சாம்பிள் அப்ரூவலை அதற்கு முந்தின வாரமே வாங்கிவிடுங்கள்.